ஸ்டியரிங் கேள்விகள்: மெதுவாகப் போனால் அபராதமா?

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி மைசூர் போகும் பேருந்தை 22 வருஷம் ஓட்டியவன் நான். ஓய்வுக்கு அப்புறம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் காலையில் மூன்று மணி நேரம் கற்றுக்கொடுக்கிறேன். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு வரி போட்டார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சண்டைதான். மெதுவாகப் போகிறவர்கள் ஒரு கட்சி, அவர்களைத் திட்டுகிறவர்கள் இன்னொரு கட்சி.

ஐயா, எனக்கு வயது 46. லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அம்மாவைப் பார்க்க வாரம் ஒருமுறை அந்தியூர் போகிறேன். 40-க்கு மேல் போக எனக்குப் பயம். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே உயிரை எடுக்கிறார்கள். "மெதுவாகப் போனாலும் ஃபைன் உண்டு" என்கிறார் வீட்டுக்காரர். உண்மையா?
— ச. ம., கோபிசெட்டிபாளையம்

வீட்டுக்காரர் சொல்வதில் கால்வாசி உண்மை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 112-ஆவது பிரிவுதான் வேகத்தைப் பற்றியது. எல்லோரும் அதில் அதிகபட்ச வேகத்தை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். ஒரு சாலைக்குக் குறைந்தபட்ச வேகம் குறிக்கவும் அதே பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. அப்படிக் குறித்திருந்தால் நீல வட்டத்துக்குள் வெள்ளை எண்ணாகப் பலகை நிற்கும். சிவப்பு வளையத்துக்குள் எண் இருந்தால் அதைத் தாண்டக் கூடாது, நீல வட்டத்துக்குள் இருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. நீல வட்டம் உங்கள் கண்ணில் படாதவரை 40-இல் போவதற்காக யாரும் உங்களுக்கு ஃபைன் எழுத முடியாது. ஊருக்குள்ளும் பள்ளிக்கூடம் முன்னாலும் 40-ஏ ஜாஸ்தி.

ஆனால் ஹாரன் அடிக்கிறவர்கள் எல்லோரும் உங்கள் வேகத்துக்காகத்தான் அடிக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்யும் ஒரு காரியத்தைத் தினமும் பார்க்கிறேன். இடது ஓரத்தில் தார் உடைந்திருக்கும், சைக்கிள் வரும், ஆடு வரும். அதற்குப் பயந்து வண்டியை நடுக்கோட்டை ஒட்டியே ஓட்டுவார்கள். முழு இருவழிச் சாலை என்றால் தார் 7 மீட்டர். உங்கள் பாதி மூன்றரை. உங்கள் காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். இடது பக்கம் ஒரு கார் போகிற அளவு காலியாகக் கிடக்க, நீங்கள் நடுக்கோட்டைக் காவல் காத்துக்கொண்டு போனால் பின்னால் இருக்கிறவனுக்கு எதிர்ச்சாலை தெரியாது. எட்டிப் பார்க்கவே அவன் பாதி வண்டியை எதிர்ப் பக்கத்துக்குள் நீட்ட வேண்டும். அந்தக் கடுப்பில்தான் ஹாரன். சட்டமும் இதைத்தான் முதலில் சொல்கிறது: முடிந்த அளவு இடது ஓரமாக ஓட்டு.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹாரன் அடித்தவன் உங்களை முந்த ஆரம்பித்ததும் பயத்தில் உங்கள் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறதா? பலருக்கு அழுத்தும். முந்தப்படுகிற வண்டி வேகத்தைக் கூட்டக் கூடாது, முந்துவதைத் தடுக்கிற மாதிரி எதையும் செய்யக் கூடாது என்பது தனி விதி. 40-இல் போவது தப்பே இல்லை. ஒருவன் பக்கத்தில் வந்துவிட்ட பிறகு 40-ஐ 55 ஆக்குவதுதான் தப்பு.

நானே செய்திருக்கிறேன். 1994-இல், மலைக்குப் போடுவதற்கு முன்னால், சத்தி–கோவை வழித்தடம். அன்னூருக்கும் புளியம்பட்டிக்கும் நடுவில் ஒரு தனியார் பேருந்து என்னை முந்த ஏறியது. டைமிங் சண்டை. அவன் முந்திவிட்டால் அடுத்த நிறுத்தத்து ஆள் எல்லாம் அவனுக்கு. நான் விடவில்லை. அவனும் விடவில்லை. இரண்டு பேருந்தும் ஒட்டிக்கொண்டு ஓடியது எனக்குக் கால் கிலோமீட்டர் மாதிரி இருந்தது. எதிரே வந்த அம்பாசிடர் எங்களைப் பார்த்துவிட்டுப் புளியமரத்துக்கும் வேலிக்கும் நடுவில் இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. கார்க்காரர் இறங்கி வந்து என்னைத் திட்டவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர்தான் "போலாம்ணே, போலாம்ணே" என்று விசில் ஊதினார். அதற்கு அப்புறம் யார் சைடு கேட்டாலும் என் கால் தானாகப் பெடலிலிருந்து எழுந்துவிடும்.

கடைசியாக ஒரு யோசனை. கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டால் அடுத்த பேருந்து நிறுத்தத்திலோ பெட்ரோல் பங்க் வாசலிலோ இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்குங்கள். எல்லாரும் போகட்டும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். முந்த முடியாத இருவழிச் சாலையில் மெதுவாகப் போகிற வண்டிக்குப் பின்னால் 5 வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்க வசதியான அடுத்த இடத்தில் ஒதுங்கியே ஆக வேண்டும். மகள் வீட்டுக்குப் போனபோது மலைச் சாலையில் அதற்கென்று ஓரத்தில் தார் போட்டு, பலகை வைத்திருந்ததைப் பார்த்தேன். மருமகன் ஒதுங்கி நின்றார். தாண்டிப் போன வண்டிகளில் ஒருத்தர் கூட ஹாரன் அடிக்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

முந்தும்போது எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருந்தால் சேஃப்? "ஒரு குத்துமதிப்பு வேணும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். குத்துமதிப்பாக இல்லாமல் சொல்லுங்கள்.
— கா. வி., திருச்செங்கோடு

தம்பி, ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். லாரி 40-இல் போகிறது, நீங்கள் 70-இல் முந்துகிறீர்கள். லாரி நீளம் 10 மீட்டர், உங்கள் கார் 4 மீட்டர். வெளியே எடுக்கும்போது லாரிக்கு 20 மீட்டர் பின்னால், திரும்ப உள்ளே வரும்போது 20 மீட்டர் முன்னால். ஆக, லாரியை விட நீங்கள் 54 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். உங்கள் இரண்டு பேருக்கும் வேக வித்தியாசம் 30 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு எட்டு மீட்டர் சொச்சம். ஆறரை நொடி ஆகும். அந்த ஆறரை நொடியில் நீங்கள் ஓடியது 126 மீட்டர். எதிரே வருகிறவரும் 70-இல் வந்தால் அவரும் 126 மீட்டர் ஓடிவிட்டார். கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர் காலியாக இருந்தால்தான் மயிரிழையில் தப்புவீர்கள். அதற்கு மேல் ஒரு நூறு மீட்டராவது நெஞ்சு படபடக்காமல் இருக்க.

இப்போது லாரிக்குப் பதில் ஒரு டேங்கர் 60-இல் போகிறது என்று வையுங்கள். டிப்பர், டேங்கர் வண்டிகளுக்கெல்லாம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60-இல் பூட்டப்பட வேண்டும், மற்ற சரக்கு லாரிகளுக்கு 80. டிரைவர் மிதித்தாலும் அதற்கு மேல் வண்டி போகாது. நீங்கள் அதே 70. வித்தியாசம் 10 கிலோமீட்டர்தான். அதே 54 மீட்டரைக் கடக்க 19 நொடிக்கு மேல் ஆகும். இரண்டு பக்கமும் கூட்டினால் முக்கால் கிலோமீட்டர்! முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் வரும் காரை உங்களால் கார் என்று அடையாளம் காண முடியுமா? எனக்குக் கண் ஆபரேஷனுக்கு முன்னாலும் முடியாது, பின்னாலும் முடியாது.

அதனால்தான் ஸ்கூலில் சொல்வேன்: 40-இல் போகும் கரும்பு டிராக்டர் நம் எதிரி இல்லை. நம்மைவிடக் கொஞ்சமே மெதுவாகப் போகிறானே, அவன்தான் ஆளைக் கொல்கிறவன். 60-இல் போகிற வண்டிக்குப் பின்னால் 60-இல் போய்விடுங்கள். 30 கிலோமீட்டர் தூரத்துக்கு 60-இல் போனால் 30 நிமிஷம், 70-இல் போனால் 26 நிமிஷம் கூட ஆகாது. அந்த நாலு நிமிஷத்தில் ஒரு டீ கூட ஆறாது.

"அப்போ 90-க்கு அழுத்தி முந்திவிடலாமே" என்று அடுத்த கேள்வி வரும். நம் சட்டத்தில் முந்துவதற்கென்று வேகச் சலுகை கிடையாது. பலகையில் இருப்பது முந்தும்போதும் பொருந்தும். காருக்கு அதிவேக அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய்.

ஒரு சின்ன வித்தை மட்டும் சொல்கிறேன். லாரியின் வாலில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஒட்டினால் உங்களுக்குத் தெரிவது "ஒலி எழுப்பவும்" மட்டும்தான். முப்பது மீட்டர் பின்னால் தள்ளி வாருங்கள். ரோடு லேசாக இடது பக்கம் வளையும்போது லாரியின் இடது ஓரமாகவும், வலது பக்கம் வளையும்போது வலது ஓரமாகவும் முன்னால் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். பார்த்துக்கொண்டே வந்தால் நேர் ரோடு வருவதற்கு முன்பே முடிவு உங்கள் கையில் இருக்கும். முன்னால் இன்னொரு கார் முந்தினான் என்பதற்காக அவன் பின்னாலேயே நீங்களும் ஏறாதீர்கள். அவன் பார்த்தது அவனுக்கு மட்டும் இருக்கிற இடம்.

இடது பக்கமாக முந்தலாமா?
— பெயர் வேண்டாம், பவானி

இருவழிச் சாலையில் ஒரே ஒரு நேரத்தில்தான்: முன்னால் இருப்பவர் வலது பக்கம் திரும்ப சைகை காட்டி, நடுவுக்கு வந்து நிற்கும்போது. மற்ற நேரத்தில் கூடாது. மண் ஓரத்தில் இறங்கிப் புழுதி கிளப்பிப் போவது முந்துவதில் சேர்த்தியே இல்லை.

லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டார். "வா, தாண்டிப் போ" என்கிறார் என்று நினைத்து ஏறினேன். அவர் வலது பக்கம் இருந்த பெட்ரோல் பங்குக்குத் திரும்பிவிட்டார். என் பைக் ஹேண்டில் வளைந்து, அவருடைய டூல் பாக்ஸில் கோடு. தப்பு யார் மேல்?
— மு. செ., பெருந்துறை

உயிரோடு எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். தப்பு உங்கள் மேல்தான். வலது இண்டிகேட்டருக்குச் சட்டத்தில் ஒரே அர்த்தம்: நான் வலது பக்கம் வருகிறேன்.

ஆனால் உங்களைத் திட்டவும் மனசு வரவில்லை. நம் ரோட்டில் அந்த ஒரு மஞ்சள் விளக்குக்கு மூன்று அர்த்தம் வைத்திருக்கிறோம். ஒருத்தர் "வா" என்று போடுவார், இன்னொருத்தர் "வராதே, எதிரே வண்டி" என்று போடுவார், மூன்றாமவர் உண்மையாகவே திரும்புவார். வெளி மாநில வண்டி என்றால் பாஷை இன்னும் மாறும்.

இதற்கென்று ஒரு கை சைகை இருந்தது. நான் ஹெவி லைசென்ஸ் எடுத்தபோது இன்ஸ்பெக்டர் முன்னால் செய்து காட்ட வேண்டும். வலது கையை ஜன்னலுக்கு வெளியே நேராக நீட்டி, பின்னாலிருந்து முன்னால், முன்னாலிருந்து பின்னால் அரை வட்டமாக வீச வேண்டும். "என்னைத் தாண்டிப் போ" என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து மேலும் கீழும் அசைத்தால் "நான் மெதுவாகிறேன்". அந்தக் காலத்து டிரைவர்களின் வலது கை மட்டும் முழங்கை வரை கறுத்திருக்கும். வெயில்தான். இப்போது ஏசி கேபின், கண்ணாடி ஏற்றியாகிவிட்டது. கை உள்ளே போய்விட்டது, எல்லா வேலையும் அந்த விளக்கின் தலையில் விழுந்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? வலது இண்டிகேட்டரைப் பார்த்தால் திரும்புகிறார் என்றே எடுத்துக்கொண்டு காத்திருங்கள். திரும்பவில்லை என்றால் நாலு நொடி நஷ்டம், அவ்வளவுதான். பிரேக் விளக்கு எரிகிறதா, வண்டி நடுவுக்கு நகர்கிறதா, வலது பக்கம் பங்கோ பிரிவுச் சாலையோ இருக்கிறதா என்று பாருங்கள். பாவம், அந்த லாரிக்காரர் ஊர் போய் முதலாளியிடம் அந்தக் கோட்டுக்கு என்ன கதை சொன்னாரோ.

பாலத்துக்கு முன்னால் உடையாத கோட்டைத் தாண்டி முந்தியதாக எனக்கு இ-சலான் வந்திருக்கிறது. இவ்வளவு போடலாமா? கோட்டுக்கு என்ன அர்த்தம்?
— ர. கு., நாமக்கல்

எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. சலானில் பிரிவு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 177-ஏ என்றால் ஓட்டுநர் ஒழுங்குமுறைகளை மீறியது, 500 முதல் 1,000 ரூபாய் வரை. 184 என்றால் விஷயம் வேறு. அது ஆபத்தாக ஓட்டியது. சட்டத்துக்கு மாறாக முந்துவதை 2019 திருத்தத்தில் பெயர் சொல்லியே அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கோட்டு விஷயம் சுலபம். விட்டு விட்டுப் போட்டிருந்தால் பாதை காலியாக இருக்கும்போது தாண்டலாம். உடையாமல் போனால் தாண்டக் கூடாது. இரண்டும் ஜோடியாகப் போனால் உங்கள் பக்கத்துக் கோடு என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்கு. கோடு அழிந்துபோன ரோட்டில் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். வளைவு, மேடு, பாலம், எது முன்னால் இருப்பதை மறைத்தாலும் அங்கே கோடு இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

திம்பம் மலையில் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவில் எதிரே நூல் பேல் ஏற்றிய லாரி. "பின்னால எடுங்க" என்று அவர் கை காட்டினார். கணவர் மறுத்துவிட்டார். பத்து நிமிஷம் வாக்குவாதம். யார் ஒதுங்க வேண்டும்?
— தே. பா., ஈரோடு

உங்கள் கணவர்தான். அகலம் போதாத மலைப் பாதையில் இறங்குகிற வண்டி ஓரம் கட்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். விதி அதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன், அடுத்த தடவை கோபம் வராது. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி. லோடு ஏற்றின லாரி ஒவ்வொன்றிலும் முதல் கியரில், முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு ஒரே வீச்சில் திரும்ப வேண்டும். நடுவில் நிறுத்தினால் முடிந்தது கதை. மறுபடி கிளட்சை விட்டு எடுக்கும்போது வண்டி முதலில் பின்னால்தான் நகரும். கிளீனர் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின் டயருக்கு ஓடுவார். டிரைவர் "போடு, போடு" என்று கத்துவார். கட்டை டயருக்கு அடியில் நறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். கிளட்ச் கருகிய நாற்றம் வளைவு முழுக்க நிற்கும். உங்கள் கணவர் ரிவர்ஸ் கியர் போட்டிருந்தால் பத்து மீட்டர், அரை நிமிஷ வேலை.

இதில் ஒரு விதிவிலக்கை நானாக வைத்திருந்தேன். தாளவாடிப் பக்கத்திலிருந்து கரும்பு லாரிகள் இறங்கும். சட்டப்படி ஏறுகிற என் பேருந்துக்குத்தான் முதல் உரிமை. ஆனாலும் தலைக்கு மேல் கரும்பை அடுக்கிக்கொண்டு, கியரில் வண்டியைப் பிடித்துப் பிடித்து இறங்குகிறவனைப் பார்த்தால் வளைவுக்குக் கீழேயே, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்திவிடுவேன். பிரேக் சூடாகிப்போனவனிடம் போய்ச் சட்டம் பேச முடியாது. அவன் இறங்கின பிறகு உதிர்ந்து கிடக்கும் கரும்புக்கு யானை வரும், அது தனிக் கதை. யானைக்கு ஏறுகிறவன், இறங்குகிறவன் என்ற பேதமெல்லாம் இல்லை. 2022 பிப்ரவரியிலிருந்து கனரக சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை அந்த மலையில் அனுமதி இல்லை என்பதால் இப்போது பகலில்தான் கூட்டம். கிளம்பும்போதே ஒரு மணி நேரம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் "நீ வா" என்றா, "நான் வர்றேன்" என்றா?
— ஜா., தாராபுரம்

நம் ஊரில் "நான் வர்றேன், நகராதே". இங்கிலாந்தில் ஓட்டிவிட்டு வந்த ஒரு பையன் அதை "நீ வா" என்று நினைத்துப் பாலத்தில் ஏறி, ஒரு பேருந்தின் மூக்கோடு மூக்கு வைத்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

பின்னால் ஆம்புலன்ஸ், முன்னால் வரிசையாக வண்டி, ஓரத்தில் பள்ளம். எங்கே போவது?
— சு. ரா., கரூர்

பள்ளத்தில் விழச் சொல்லவில்லை. இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, முடிந்த அளவு இடது பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். எதிரே வருகிறவர்களும் அவர்கள் பக்கம் ஒதுங்கினால் 7 மீட்டரில் நடுவே ஒரு வழி பிறக்கும். வேண்டுமென்றே வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, பிரிவு 194-இ. ஆம்புலன்ஸ் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பறக்கிற கார்க்காரர்களுக்கும் ஒரு பிரிவு போட்டால் நன்றாக இருக்கும்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் கடைசியாக எதை முந்தினீர்கள்?
— குறும்புக்கார வாசகர், அந்தியூர்

இப்போது என்னிடம் இருப்பது ஒரு மொபெட். போன செவ்வாய்க்கிழமை, புளியம்பட்டி போகிற வழியில், ஒரு ரோடு ரோலரை முந்தினேன். நடந்துபோகிறவரே அதை முந்திவிடுவார், இருந்தாலும் கணக்கு கணக்குதான். டிரைவருக்கு என் வயசுதான் இருக்கும், தலையில் துண்டு. நான் ஹாரன் அடிக்கவில்லை. அவராகவே கண்ணாடியில் பார்த்தார், எதிரே எட்டிப் பார்த்தார், அப்புறம் வலது கையை வெளியே நீட்டி அரை வட்டமாக வீசினார். அந்தச் சைகையைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. தாண்டிப் போய் ஓரமாக நிறுத்தினேன். அவர் வந்து சேரும் வரை காத்திருந்து, எந்த வருஷம் லைசென்ஸ் எடுத்தார் என்று கேட்டேன். 1981 என்றார்.